மூளைக்குள் குழாய் செல்லும் நேரத்தில் படம் வேண்டும்: கருவித் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கருவித் தேர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

எங்கள் பகுதி மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்தத்தக்க சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றையும் உடலின் மேல் வைத்துப் படம் பிடிக்கும் அதன் கைப்பகுதிகளான புரோப்களையும் கேட்டு உங்களுக்கு அனுப்பிய கோரிக்கை, அங்கே சி.டி. ஸ்கேன் வசதி ஏற்கெனவே இருப்பதால் தேவை எழவில்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற கோப்பின் நகலைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவர்களின் விளக்கம் இரண்டு பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. மறுப்பதற்கு உங்களுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது. மூளைக்குள் குழாய் வைக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரிக்காமல் எழுதப்பட்ட வரி அது என்பது என் துணிபு. கோப்பு வழியாகச் சொன்னவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை என்பதால் ஊரறியச் சொல்கிறேன்.

நான் மருத்துவர் அல்லேன், ஓய்வுபெற்ற செவிலியர். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய மாவட்டத்தின் மருத்துவமனைகளில், தொடக்கத்தில் தனியாரிலும் பிறகு அரசுப் பணியிலுமாக, என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நரம்பியல் அறுவைத் தியேட்டரிலும் அதைச் சேர்ந்த ஐ.சி.யு.விலும் கழித்தவள். எந்த மருத்துவமனையின் பெயரையும் இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் பார்த்த மருத்துவர்கள் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதை எல்லாம் செய்தவர்கள். கையில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால் மடல் உங்கள் முகவரிக்கு வருகிறது.

நீரறைகள் எனப்படும் மூளையின் உள்ளறைகளில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மி.லி. திரவம் சுரக்கிறது. வளர்ந்த ஒருவரின் மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் எந்த நேரத்திலும் இருப்பதோ சுமார் 150 மி.லி. மட்டுமே. சுரந்தது வடிந்து ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் கணக்கு நேராகும். காசநோய் மூளைக்காய்ச்சல், ரத்தக்கசிவு, கட்டி, பிறவிக் கோளாறு என்று ஏதோ ஒன்றால் வழி அடைபட்டால் நீரறைகள் விரிந்து, சுற்றியுள்ள மூளையை மண்டையோட்டோடு சேர்த்து நெருக்கத் தொடங்கும். வார்டில் காத்திருக்கும் உறவினர்கள் தலையில் தண்ணீர் கட்டியிருக்கிறது என்று சொல்வது இதைத்தான். அவசரத்தில் அந்தத் திரவத்தைத் தலைக்கு வெளியே ஒரு பைக்கு வடிப்பதற்கு வைப்பது ஈ.வி.டி.; நிரந்தரமாகத் தோலுக்கு அடியிலேயே வயிற்றுக்குள் கொண்டுசெல்வதற்கு வைப்பது ஷன்ட். இரண்டுக்கும் முதல் படி ஒன்றே. மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்று உயிருள்ள மூளையைத் துளைத்துக்கொண்டு போய் நீரறைக்குள் நுனி வைக்க வேண்டும்.

அந்த முதல் படி உங்கள் கோப்பில் விவரிக்கப்படவில்லை. இரு புருவங்களுக்கும் நடுவே மூக்குத் தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்னோக்கி 11 செ.மீ., நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 3 செ.மீ. அளந்து, மழித்த தலையில் பேனாவால் புள்ளி வைப்பார்கள். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கரின் பெயரால் வழங்கும் புள்ளி அது. பெரும்பாலும் வலப்பக்கமே தேர்ந்தெடுக்கப்படும். அங்கே எலும்பில் துளையிட்டு, மூளையுறையைத் திறந்து, உள்ளே கம்பி செருகிய குழாயை மண்டையோட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, முன்னிருந்து பார்த்தால் அதே பக்கத்துக் கண்ணின் உள்மூலையையும், பக்கத்திலிருந்து பார்த்தால் காதின் முன்பக்கத்தையும் நோக்கி, 6 செ.மீ. அளவுக்கு இறக்குவார்கள். இதில் வெளியாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கண்ணும் காதும் பச்சைத் துணிக்குக் கீழே இருக்கும். மருத்துவர் இடது கை விரலால் துணியின் மேலாகத் தடவி, கண் இங்கே, காது இங்கே என்று உணர்ந்துகொண்டுதான் வலது கையால் குழாயை இறக்குகிறார்.

பிறகு கம்பியை உருவுவார்கள். கண்ணாடி போன்ற திரவம் குழாயின் வாயில் திரண்டு சொட்டினால் வேலை முடிந்தது. சொட்டாவிட்டால் குழாயை முழுவதுமாக வெளியே எடுத்து, கோணத்தைச் சற்றே மாற்றி, மறுபடி அதே துளை வழியாக இறக்குவார்கள். மறுபடி என்பது மூளையில் புதிதாக இன்னொரு பாதை. பக்கத்தில் கிண்ணத்தோடு நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது முறையும் சொட்டாதபோது மேசையைச் சுற்றியிருக்கும் ஒருவரும் பேச மாட்டார்கள். மயக்க மருத்துவர் மட்டும் ரத்த அழுத்தத்தை வாய்விட்டுப் படிப்பார்.

இது எங்கள் ஊரின் கைத்திறன் குறைவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, படத்துணையின்றிக் கையின் கணிப்பால் மட்டுமே வைக்கப்பட்ட 98 குழாய்களைச் சி.டி. படங்களில் மறுபடி அளந்து பார்த்தது. நோயாளி ஒருவருக்குச் சராசரியாக 2 முறை குழாய் இறக்க வேண்டியிருந்தது, 22.4 சதவீதக் குழாய்களின் நுனி நீரறைகளுக்கு வெளியே கிடந்தது. அதே ஆண்டில், 346 நோயாளிகளைப் பார்த்த இன்னொரு அமெரிக்க மருத்துவமனையின் ஆய்வில், நினைத்த இடத்தில் சரியாக அமைந்தவை 77 சதவீதம். 13 சதவீதம் முக்கியமான மூளைத் திசுவுக்குள்ளோ நீரறை அல்லாத இடத்திலோ போய் நின்றவை. வசதிக்குக் குறைவில்லாத மருத்துவமனைகளின் கணக்கு இது. தவறுவது பெரும்பாலும் கையால் அன்று; கண் பார்க்க முடியாத இடத்துக்குக் கையை அனுப்புவதால்.

இப்போது உங்கள் ஒற்றை வரிக்கு வருகிறேன். சி.டி. ஸ்கேன் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது, அதன் அருமை எனக்குத் தெரியும். 1971-இல் இங்கிலாந்தில் முதல் நோயாளியின் தலை அந்தக் கருவிக்குள் படமாகும் வரை, உயிரோடிருப்பவரின் நீரறையை நேராகக் காட்டும் எளிய வழியே இருந்ததில்லை. ஆனால் சி.டி. எடுக்கப்படுவது கீழ்த்தளத்தில், அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்போ, சில வேளைகளில் முந்தைய இரவோ. படம் ஃபிலிமாக வரும். நோயாளியின் அண்ணனோ மாமாவோ அதைப் பெரிய உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி வருவார். தியேட்டரில் அது சுவரிலுள்ள விளக்குப் பெட்டியில் மாட்டப்படும். மருத்துவர் அதைப் பார்த்து மனத்தில் அளந்துகொண்டு, திரும்பி வந்து, துணி போர்த்திய தலையில் குழாயை இறக்குகிறார். குழாய் உள்ளே போய்க்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் அதன் நுனி எங்கே இருக்கிறது என்று சுவரில் மாட்டிய படம் சொல்லாது. சரியாகப் போயிற்றா என்று அறிய மறுபடி ஒரு சி.டி. எடுக்க வேண்டும், தவறாகப் போயிருந்தால் அப்போதுதான் தெரியும்.

பாலாறு மணலாகிப்போன எங்கள் ஊர்களில் போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்து, நிலத்தில் கருவியை நகர்த்தி, எத்தனை அடியில் என்று கேட்டுக்கொண்டு, பிறகுதான் லாரியை நிறுத்தச் சொல்கிறோம். மூளைக்கு அந்த மரியாதை கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நான் நின்ற இடத்தில் நின்று பார்த்திருந்தால் தோன்றாது.

அல்ட்ராசவுண்ட் இதைத்தான் மாற்றுகிறது. குழந்தைகளிடத்தில் அதன் பயன் மிகத் தெளிவு. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதளவில்தான் உச்சிக்குழி மூடிக்கொள்ளும். அதுவரை அந்த மென்மையான இடத்தில் சிறிய புரோப்பை வைத்தால் நீரறை முழுவதும் திரையில் கருப்பாகத் தெரியும். பின்பக்கத்திலிருந்து குழாயை நுழைத்தாலும், அது வெள்ளைக் கோடாக முன்னேறி நீரறைக்குள் வந்து சேர்வதை அந்த நொடியிலேயே பார்க்கலாம். கதிர்வீச்சு கிடையாது. தலையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டாம். பெரியவர்களுக்கும், தியேட்டரில் எலும்பில் போதிய அகலத்தில் துளையிடும்போது, அந்தத் துளைக்குள் பொருந்தும் சிறிய தலையுடைய புரோப்கள் உண்டு. கோரிக்கையில் மருத்துவர்கள் இரண்டு வகைப் புரோப் கேட்டிருந்தது இதனால்தான்.

ஒடுகத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு கைக்குழந்தையை இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு தலை வீங்கி, கண்கள் கீழ்நோக்கிச் செருகி, கருவிழிக்கு மேல் வெள்ளை தெரியும் நிலையில் கொண்டுவந்தார்கள். ஷன்ட் வைக்கப்பட்டது. மேசையில் திரவம் வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த சில நாட்களில் உச்சிக்குழி மறுபடி விம்மியது. சி.டி.யில் பார்த்தபோது குழாய் நீரறையைக் கடந்து எதிர்ச்சுவரில் புதைந்திருந்தது. மறுபடி தியேட்டர், மறுபடி மயக்க மருந்து, மறுபடி தலையில் கத்தி. குழந்தையின் தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சிஸ்டர், மொதல்ல வெச்சது இன்னா ஆச்சு?"

அந்த இரண்டு அறுவைகளின்போதும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று இருந்தது. அதைத் தியேட்டருக்கு எடுத்துவர முடியவில்லை. கருவிலிருக்கும் சிசுவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் எந்த இடத்தில், யார் கையால் இயக்கப்படுகிறது என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. சட்டம் மிக நியாயமானது; பெண் சிசுக்களுக்காக வந்த அதை ஒரு பெண்ணாக நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் நரம்பியல் தியேட்டரில் கருவியைத் தடை செய்யவும் இல்லை. இடத்தையும் மருத்துவரையும் முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. அந்தப் பதிவுக்கான காகிதத்தை நகர்த்த யாரும் முன்வரவில்லை. புதிய கருவியே தியேட்டர் பெயரில் வாங்கப்பட்டால் பதிவும் தியேட்டர் பெயரிலேயே அமைந்துவிடும் என்று மருத்துவர்கள் கோப்பில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெரியவர்களின் நிலை வேறு. சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை வாலாஜா, பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் ஊர்களின் ஊடே ஓடுகிறது. இரவு ஷிப்டு முடித்துத் தோல் தொழிற்சாலையிலிருந்து இருசக்கர வண்டியில் திரும்பும் பிள்ளைகள், லாரியின் பின்புறத்தில் மோதி 108 வண்டியில் வந்து இறங்குவதைப் பார்க்காத வாரம் எங்களுக்கு இருந்ததில்லை. 2021-இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணத்துக்கு அலைய வேண்டிய நிலை மாறியிருக்கிறது. அதற்கு அரசைப் பாராட்டுகிறேன். ஆனால் தலையில் அடிபட்டு ஒரு பக்கம் வீங்கிய மூளையில் நீரறை நடுக்கோட்டைவிட்டு மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். அழுத்தத்தில் ஒடுங்கி ஒரு கீற்றாக மாறியிருக்கும். 11 செ.மீ., 3 செ.மீ., கண்ணின் உள்மூலை என்ற அளவெல்லாம் இயல்பான தலைக்கு எழுதப்பட்டவை. இடம் மாறிய நீரறைக்கு அவை வழிகாட்டுவதில்லை.

அப்படி வைக்கப்பட்ட குழாய் சரியில்லை என்பதை முதலில் அறிபவர் இரவுப் பணியிலிருக்கும் செவிலியர். ஈ.வி.டி.யின் சொட்டுக்குடுவை நோயாளியின் காது மட்டத்துக்கு அளந்து தொங்கவிடப்பட்டிருக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை யாராவது ஏற்றி இறக்கினால் மட்டம் கெட்டுவிடும் என்பதால் உறவினர்களிடம் கட்டிலைத் தொடாதீர்கள் என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். குழாய் நீரறைக்குள் இருந்தால் உள்ளிருக்கும் திரவம் நாடித்துடிப்புக்கு ஏற்ப மெல்ல ஏறி இறங்கும். மணிக்கு மணி வடிந்த அளவைச் சார்ட்டில் எழுதுவோம். 12, 10, 11 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 0 ஆகி, அடுத்த மணியிலும் 0 ஆகி, குழாய்க்குள் துடிப்பும் நின்றுபோனால், டார்ச் எடுத்துக் கண்மணியைப் பார்ப்போம். பிறகு மருத்துவரை எழுப்புவோம். ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். பல வேளைகளில் காரணம், நுனியிலுள்ள துளைகளில் பாதி நீரறைக்கு வெளியே மூளைத் திசுவில் இருப்பதுதான். வைக்கும்போது கொஞ்சம் சொட்டியதால் சரி என்று நம்பப்பட்ட குழாய் அது.

இத்தகைய நோயாளிகளுக்கு உதவுவது, குழாய் போகும் வழியைத் திரையில் காட்டும் நேவிகேஷன் கருவி. அதிலும் மின்காந்த வகையில், தலையைக் கிளாம்பில் பூட்ட வேண்டியதில்லை. குழாய்க்குள் செருகும் கம்பியின் நுனியிலேயே உணரி இருக்கும். முன்பு எடுத்த சி.டி. படத்தின் மேல் நுனி நகர்வது திரையில் தெரியும். விலை அதிகம் என்பதை அறிவேன். மருத்துவர்களும் அறிந்திருந்ததால்தான் அதைக் கேட்காமல் அல்ட்ராசவுண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். குறைத்துக் கேட்டவர்களுக்கு அதுவும் இல்லை என்று சொல்வது, அடுத்த முறை அவர்கள் எதையுமே கேட்காமல் இருக்கப் பழக்கிவிடும். நான் பணியில் இருந்த காலத்திலேயே அந்தப் பழக்கம் பலருக்கு வந்துவிட்டிருந்தது.

உங்கள் தரப்பில் எழக்கூடிய மறுப்புகளையும் ஒதுக்கிவிட விரும்பவில்லை. கண்மணி விரிந்து மூச்சு தடுமாறும் நோயாளியிடம் கருவி வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. நீரறை நன்றாக விரிந்திருக்கும் அவசரத்தில், அனுபவமுள்ள கை படமின்றி வைக்கும் குழாய் உயிரைக் காப்பாற்றுகிறது. அதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஐ.சி.யு. கட்டிலிலேயே சிறு துரப்பணத்தால் இடும் மெல்லிய துளைக்குள் அல்ட்ராசவுண்ட் புரோப் நுழையாது என்பதும் உண்மை. படம் பார்த்து வைத்தால் ஷன்ட் அடைபடவே அடைபடாது என்றும் நான் வாதிடவில்லை. எண்டோஸ்கோப் வழியே பார்த்தபடி குழந்தைகளுக்கு ஷன்ட் வைத்தும் அதன் ஆயுள் கூடவில்லை என்று 2003-இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஷன்ட் அடைபடக் காரணங்கள் பல. குழாயின் துளைகளுக்குள் அந்தத் திரவத்தைச் சுரக்கும் மூளைப் பின்னல் திசு வளர்ந்து புகுந்துகொள்வதும் அவற்றில் ஒன்று. ஆனால் நான் கேட்பது ஷன்டின் ஆயுளைப் பற்றி மட்டுமன்று. முதல் முறையிலேயே குழாய் நீரறையைச் சேர்ந்தால் மூளையில் ஒரு பாதை. மூன்றாவது முறையில் சேர்ந்தால் மூன்று பாதைகள், மூன்று முறை ரத்தம் கசியும் வாய்ப்பு. இந்த வேறுபாட்டைக் கணக்கிட ஆய்வு வேண்டுமா என்று உங்களையே கேட்கிறேன்.

செலவு என்று சொன்னால் அதையும் முழுதாகக் கணக்கிடுங்கள். மறு அறுவை, கூடுதல் சி.டி., நீளும் ஐ.சி.யு. நாட்கள் எல்லாம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ மருத்துவமனையின் செலவிலோதான் போகின்றன, இரண்டும் பொதுப்பணம். காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்பு இருக்கிறது. தவறிய குழாய்க்காக அதில் ஒரு பகுதி கரைந்தால் அதே ஆண்டில் அந்த வீட்டில் வேறொருவர் படுத்துக்கொள்ளும்போது என்ன செய்வார்கள்? குழந்தையோடு வார்டில் தங்கும் தாய்க்குப் பீடி சுற்றும் கூலி நின்றுபோவது எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். காசநோய் மூளைக்காய்ச்சலால் தலையில் நீர் கட்டியவர்களுக்கு ஷன்ட் வைத்தால் யார் தேறுவார்கள் என்பதை நினைவுநிலையைக் கொண்டு நான்காகப் பிரித்து, அதே கல்லூரியின் மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட தரப்பகுப்பு, இன்றும் மருத்துவ உலகில் 'வேலூர் தரப்பகுப்பு' என்றே வழங்குகிறது. எந்த நோயாளிக்குக் குழாய் வைக்கலாம் என்று உலகுக்குச் சொன்ன ஊர் இது. அந்த ஊரின் பெயரைக் கொண்ட அளவுகோலால் தரம் பிரிக்கப்பட்டு அதே மாவட்டத்தின் இன்னொரு மருத்துவமனை மேசையில் படுக்கும் குழந்தைக்கு, குழாய் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு சிறு திரை இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவன இவை.

அந்தக் கோரிக்கையை மறுபடி எடுத்து, நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரையும் தியேட்டர் செவிலியர் ஒருவரையும் நேரில் அழைத்துக் கேட்டபின் முடிவெடுங்கள். கருவியை இயக்கப்போகிறவர்கள் இல்லாத அறையில் கருவியைப் பற்றித் தீர்மானிக்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்கான உச்சிக்குழிப் புரோப்பையும் எலும்புத் துளைக்குள் பொருந்தும் சிறிய புரோப்பையும் சேர்த்தே வாங்குங்கள்; ஒன்றை மட்டும் வாங்கிவிட்டுக் கருவி கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடிவிடக் கூடாது. வாங்கும்போதே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தியேட்டரின் பெயரிலும் அதைப் பயன்படுத்தும் மருத்துவர்களின் பெயரிலும் பதிவு முடித்து ஒப்படையுங்கள். அந்தச் சட்டத்தின் பதிவேடுகளைத் தியேட்டரில் யார் பராமரிப்பார் என்பதையும் அப்போதே எழுத்தில் குறியுங்கள்.

மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக, விபத்து நோயாளிகள் அதிகம் வரும் ஒரு மருத்துவமனையில், மின்காந்த நேவிகேஷன் கருவி ஒன்றை அடுத்த நிதியாண்டின் பட்டியலில் சேருங்கள். அதுவரை செலவே இல்லாத ஒன்றைச் செய்யலாம். தலைக்குக் குழாய் வைக்கப்படவிருக்கும் எவருக்கும் சி.டி.யை 5 மி.மீ. தடிப்பில் சாய்த்து எடுப்பதை விட்டு, சாய்வின்றி 1 மி.மீ. அளவிலான மெல்லிய துண்டுகளாக எடுத்து, ஃபிலிமோடு குறுவட்டிலும் கொடுக்கும்படி ஸ்கேன் மையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அப்படி எடுத்த படத்தைத்தான் நேவிகேஷன் கருவி ஏற்கும். அது இல்லாத இடத்திலும், கணினித் திரையில் கோணத்தை அளந்து பார்க்க மருத்துவருக்கு அது உதவும். இப்படிப் படத்தில் கோணத்தை அளந்து, கைப்பேசிச் செயலியின் துணையோடு, மண்டையோட்டின் மேல் நிற்கும் சிறு வழிகாட்டிக் கருவியால் குழாயை இறக்கும் முறையை ஜெர்மனியில் 2013-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். கோடிகள் இல்லாமலும் படத்தைக் கைக்குக் கொண்டுவரலாம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். உங்கள் தொழில்நுட்ப வல்லுநர்கள் பரிசீலிக்கட்டும்.

குழாய் வைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நுனி எங்கே நின்றது என்பதைக் காட்டும் படம் எடுக்கப்பட வேண்டும், குழந்தையானால் அல்ட்ராசவுண்ட் போதும். எத்தனை முறை இறக்கப்பட்டது, நுனி எந்த அறையில் நின்றது, மறு அறுவை தேவைப்பட்டதா என்ற மூன்று விவரங்களும் தியேட்டர் பதிவேட்டில் தனிப் பத்தியாக இடம்பெற ஆணையிடுங்கள். இன்று அந்தப் பதிவேட்டில் 'ஈ.வி.டி. வைக்கப்பட்டது' என்ற அளவில் எழுத்து நின்றுவிடுகிறது. மறுமுறை வருபவர் புதிய நோயாளியாகவே பதிவாகிறார். ஆண்டுக்கொரு முறை நோயாளிகளின் பெயர் நீக்கி இந்த எண்ணிக்கையை வெளியிடுங்கள். மருத்துவர்களைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஆணையிலேயே சேர்க்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு வரியிலும் ஒரே முறை, ஒரே முறை என்றுதான் எழுதப்படும்.

அந்தப் பதிவில் உள்ளதை நோயாளியின் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும். குழாய் முதலில் எங்கே நின்றது, ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை இரண்டாவது சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், அவர்கள் பேசும் மொழியில், படத்தைக் காட்டி விளக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

இந்த மடலுக்கும், திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைக்கும், காரணங்களோடு கூடிய எழுத்துமூலமான பதிலை 30 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். மறுப்பதாக இருந்தால், படமின்றிக் குழாய் வைப்பதே போதும் என்று எந்த மருத்துவக் கருத்தின் அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பதையும், அந்தக் கருத்தைச் சொன்னவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நரம்பியல் தியேட்டர் செவிலியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்